கரட்டுமேட்டு மக்களின் எஞ்சின் விளக்கு

சங்ககிரியைத் தாண்டிப் பவானிக்குப் போகிற நெடுஞ்சாலையில், இறக்கத்துக்கு முன்னால் லாரிகள் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிற கரட்டுமேடு என்ற ஊரில், ஐப்பசி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மைக்செட் சென்னியப்பனின் வேனில் நாலு மாதமாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு அணைந்தது. அணைந்த அதே நொடியில் சென்னியப்பனின் இடது காறையெலும்புக்குக் கீழே எரியத் தொடங்கியது. பாதி உளுந்து வடை அளவு, குட்டி எஞ்சின் வடிவம், சட்டைத் துணியைத் தாண்டித் தெரிகிற வெளிச்சம். சுடவில்லை, அரிக்கவில்லை. சென்னியப்பன் தாடையை இறக்கிக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, இதுக்கும் எஃப்சி எடுக்கோணுமா?" என்று கேட்டார்.

அம்மிணி என்று அவர் கேட்டது கோகிலவாணியை. வாணி ஆட்டோ எலெக்ட்ரிகல்ஸ் என்ற தகரக் கூரைப் பட்டறைக்கு முதலாளி, தொழிலாளி எல்லாமே அவள்தான், வயது முப்பத்தொன்பது, சேலைக்கு மேலே அப்பா விட்டுப்போன காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, லாரிக்கு அடியில் படுத்தால் பிரச்சனையைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். அந்த மாதம்தான் ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தாள். கைக்கு அடக்கமான கறுப்பு டப்பா. ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவரின் முழங்கால் பக்கம் ஒளிந்திருக்கிற பதினாறு துளைச் செருகியில் அதைச் சொருகினால், எஞ்சின் தன் குறையையெல்லாம் எண் எண்ணாகச் சொல்லும். சொல்லி முடித்துக் கடைசியில் ‘அழிக்கவா?’ என்று ஒரு கேள்வி கேட்கும். ‘ஆம்’ என்று அமுக்கினால் விளக்கு அணையும், குறை அப்படியே இருக்கும். மறுநாள் எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டிய சென்னியப்பன், "ரிப்பேர் அப்பறம் பாத்துக்கலாம், இப்பத்திக்கு விளக்க மட்டும் அணைச்சு உடு" என்றார். ஊரில் எல்லாப் பட்டறையிலும் நடக்கிற காரியம்தான். வாணியும் யோசிக்காமல் அமுக்கினாள். வண்டியை விட்டு விரட்டப்பட்ட விளக்குக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று.

அடுத்த நாள் பொழுது விடிந்தபோது ஊரில் பாதிப்பேருக்கு நெஞ்சில் விளக்கு எரிந்தது. வண்டி வைத்திருந்தவர்கள், வண்டி இல்லாதவர்கள், வண்டியில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்கள் என்று கணக்கில்லாமல் எரிந்தது. எரிந்தவர்கள் எல்லாருக்கும் இடது முழங்காலுக்குக் கீழே, மேல் வரிசையில் எட்டும் கீழ் வரிசையில் எட்டுமாகப் பதினாறு துளைகள் வந்திருந்தன. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தினவர்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்களே தவிர, ஒருவரும் அழவில்லை.

முதல் இரண்டு நாள் ஊர் கொஞ்சம் தடுமாறியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பத்துப் பேரைப் பார்த்துவிட்டு, பதினோராவது ஆளிலிருந்து சீட்டில் ‘வாணி கடை, சாப்பிட்ட பின்’ என்று எழுதிக் கொடுத்தார். விளக்கு எரிகிறவர்கள் மாரியம்மன் கோயிலுக்குள் வரலாமா என்று ஒரு சந்தேகம் கிளம்பியபோது, பூசாரி தாடியைத் தடவி, கோயிலுக்கு விளக்கோடு வராதே என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தையல்காரர் விளக்கை மறைக்க இரட்டை லைனிங் வைத்தும், விளக்கைக் காட்ட நினைத்தவர்களுக்கு ஜன்னல் வைத்தும் ரவிக்கை தைத்தார். ஜன்னல் வைத்ததுதான் அதிகம் போயிற்று. ஊராட்சித் தலைவர் மூன்று துண்டு போட்டு மூடினார், மூன்று துண்டும் சேர்ந்து மின்னின. மழைக்குக் கரண்ட் போன சாயங்காலங்களில், மனதில் குறை இல்லாதவர்கள் குறை உள்ளவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். எடப்பாடியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு ஊருக்குள் நுழைந்ததுமே விளக்கு எரிய, பஜ்ஜி சொஜ்ஜி முடிந்த கையோடு பெண் வீட்டார் அவரைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார்கள். காற்று அதிகம், எரிபொருள் கம்மி என்று டப்பா சொல்லவும், பெண் தலையைக் குனியாமல், "எங்க ஊட்லயும் ஆம்பளைங்க எல்லாம் அதே கோளாறுதாங். பழக்கமாயிரும்" என்று சம்மதம் சொன்னாள்.

எண்ணைச் சொல்வது பெரிய விஷயமில்லை. டப்பாவில் இன்னொரு பக்கம் உண்டு. டிரைவர்கள் அதை போட்டோ என்பார்கள். கோளாறு முதன்முதலில் விழுந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எவ்வளவு சூடாக இருந்தது, ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்கியிருந்தது என்பதையெல்லாம் எஞ்சின் பிடித்துவைத்திருக்கும் பக்கம் அது. சென்னியப்பனின் முழங்காலில் சொருகிப் பார்த்தபோது, ஏழு வருஷத்துக்கு முந்தின தை மாதம், புதன்கிழமை, சாயங்காலம் ஆறு நாற்பது, வேகம் பூஜ்யம், ஆக்சிலேட்டர் முழுசாக அமுங்கியிருக்கிறது என்று வந்தது. சென்னியப்பன் தூக்கியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "தம்பி கல்யாண ரிசப்சன்" என்றார். "அவன் மைக்கப் புடிச்சு எங்கண்ணன்னு ஆரம்பிச்சான். கெணத்துத் தகராறுல இருந்த கோவத்துல ஒயரப் புடுங்கி உட்டுட்டேன். மிச்சம் என்ன சொல்ல வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." அன்றே வேனை எடுத்துக்கொண்டு பெருந்துறையில் இருக்கிற தம்பியிடம் போய் மிச்சத்தைக் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வருகையில் காவிரிப் பாலத்தில் விளக்கு அணைந்தது. மனுஷன் வேனை ஓரங்கட்டி எட்டு ஸ்பீக்கரையும் அலறவிட்டு, பாலத்தின் நடுவில் தனியாளாக ஆடினார் என்றும், வரிசையில் நின்ற வண்டிக்காரர்களும் இறங்கி ஆடினார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இப்படி ஊரே முழங்காலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அந்த நாட்களில், வாணியின் நெஞ்சில் மட்டும் விளக்கு எரியவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கிற பாவாத்தாள், ஊர்ச் செய்தியைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சுகிறவள், டம்ளரை நீட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "ஏம்புள்ள, உனக்கு நெஞ்சுல கோளாறே இல்லையா, இல்ல நெஞ்சே இல்லையா?"

"சர்வீஸ் கரெக்டாப் பண்ணுனா எதுக்குக்கா விளக்கு எரியுது" என்றாள் வாணி. அது பொய். எல்லாருக்கும் வந்த புதன்கிழமையே அவளுக்கும் வந்துவிட்டது. பட்டறையில் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவைத்து, முழங்காலில் டப்பாவைச் சொருகி, எண்ணைக்கூடப் படிக்காமல், போட்டோவைத் திறக்காமல், ‘அழிக்கவா?’ என்றதும் ‘ஆம்’ என்று அமுக்கினாள். அழித்தால் எண்ணோடு போட்டோவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவேதான் அழித்தாள். மறுநாள் காலை திரும்ப எரிந்தது, திரும்ப அழித்தாள். இருபத்திரண்டு நாள், இருபத்திரண்டு தடவை. அடுத்தவன் வண்டியில் தினமும் அப்படிச் செய்திருந்தால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பாள்.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிய விரும்பவில்லை. இருபத்திமூன்று வயதில் ஒரு நிச்சயம் நடந்து, தட்டு மாற்றின பிறகு மாப்பிள்ளை வீட்டார், கையில் கிரீஸ் இருந்தால் சோற்றில் வாசம் வரும், பட்டறையை வித்துவிடட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். தட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று மத்தியானமே ஒரு டைனமோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரிடமாவது மனசு சாய்ந்தால் ஷட்டர் இறங்கிவிடும் என்ற பயம் அன்றைக்கு வந்தது, போகவில்லை.

அந்தப் பயத்தைச் சோதிக்கிற மாதிரி ஒன்பது வருஷமாக ஒருவன் மாதம் தவறாமல் லாரியோடு வந்துகொண்டிருந்தான். மாதேஸ்வரன். மேட்டூர்ப் பக்கத்து ஆள், தனிக்கட்டை, வயது நாற்பத்திரண்டு. சிரிக்கும்போது முதலில் மீசைதான் சிரிக்கும். அவன் ஓட்டுகிற லாரியின் நம்பர் 4218. மாதா மாதம் வந்து நிறுத்தி, எங்கேயோ ஒரு சத்தம் வருதுங்க என்பான். வாணி படுத்துப் பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள், ஒரு சத்தமும் இருக்காது. புது டப்பா வந்த அன்று 4218இல் சொருகினால், இந்த வண்டிக்குப் பிறந்ததிலிருந்து ஒரு கோளாறும் வந்ததில்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. ஒன்பது வருஷப் பொய் ஒரே நிமிஷத்தில் வெட்டவெளிச்சமானது. மாதேஸ்வரன் காதுவரை சிவந்து, "டப்பா சைனா சரக்காட்ட இருக்குதுங்" என்று சொல்லி ஸ்டெப்னிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வாணியிடமும் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தவள் பாவாத்தாள். பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் எல்லாரையும், அறுபது வயதானாலும் இருபத்திரண்டு வயதானாலும், வாணி அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நெடுந்தூரம் ஓடுகிற லைன் வண்டித் தொழிலில் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த ஒரு சொல்தான் கதவும் தாழ்ப்பாளும். மாதேஸ்வரனை மட்டும் ஒருநாளும் அண்ணா என்றதில்லை. பெயரும் சொன்னதில்லை. ‘நாப்பத்திரண்டு பதினெட்டு, சாவியக் குடுங்க’, ‘நாப்பத்திரண்டு பதினெட்டு, டீ ஆறுது’ என்று வண்டி நம்பரிலேயே ஒன்பது வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

அவன் நெஞ்சில் எரிந்ததுதான் ஊரிலேயே பெரிய விளக்கு. வெயிலிலும் தெரியும். அதற்கு மட்டும் டப்பா சொருக வாணி கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. போட்டோவில் என்ன தேதி வருமோ என்று அவளுக்குப் பயம்.

கார்த்திகை பிறந்த திங்கட்கிழமை அவன் வந்து, சத்தம் எதுவும் வருவதாகச் சொல்லாமல் நின்றான். "வண்டிய நாக்பூர் லைனுக்கு மாத்திட்டாங்க" என்றான். "வெள்ளிக்கெழம மத்தியானம் சங்ககிரில லோடு. போனா இந்தப் பக்கம் வர சோலி இல்லீங். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா சாவிய ஓனர்கிட்டக் குடுத்துட்டு இங்கியே நின்னுக்குவேன்."

வாணி காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். "என் நெஞ்சுல ஒண்ணும் எரியலையே, பாத்துக்கங்க."

"சரிங்" என்றான் அவன். போகும்போது ஹாரன்கூட அடிக்கவில்லை. அன்று வாணி ஒரு ஆட்டோவுக்கு இடது இண்டிகேட்டரை வலது பக்கம் மாட்டி அனுப்பினாள்.

புதன்கிழமை டீக்கடையில் ஊர் கூடியிருந்தபோது பேச்சு அங்கேதான் வந்து நின்றது. ஊரே கோளாறு, வாணி ஒருத்திதான் சுத்தம் என்று சென்னியப்பன் புகழ்ந்தார். பெஞ்சின் ஓரத்தில் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரன் நிமிராமல், "செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போயிருக்கறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டான்.

"ஏன், நான் மூணு வாங்கிருக்கறேன்" என்றார் சென்னியப்பன்.

"விளக்கு எரியலைன்னா வாங்கிருவீங்களா? விக்கறவன் காத்தாலதான் அழிச்சு உட்ருப்பான். அதனால விளக்கப் பாக்கக் கூடாதுங். தயார்ப் பக்கத்தப் பாக்கோணும்."

வாணியின் கையிலிருந்த டம்ளர் நின்றது. அவன் சொன்னது சரி. டப்பாவில் மூன்றாவதாக ஒரு பக்கம் உண்டு, எட்டு வரிசை. எஞ்சின் தன்னைத்தானே எட்டு விதமாகச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தயார் என்று எழுதும். அழித்த அன்று எட்டும் ‘தயார் இல்லை’ என்று ஆகிவிடும். வண்டியை முறைப்படி ஓட்டினால்தான் மறுபடி ஒவ்வொன்றாகத் தயாராகும். விளக்கை ஏமாற்றலாம், அந்தப் பக்கத்தை ஏமாற்ற முடியாது.

பாவாத்தாள் அடுப்பை அணைத்தாள். வியாபார நேரத்தில் அவள் அடுப்பை அணைத்தது அதுவரை யாரும் பார்த்ததில்லை. "தெனமும் ஆறரை மணிக்கு ஷட்டருக்கு அடில மஞ்சளா ஒரு வெளிச்சம் வருது, ரெண்டு நிமிசத்துல போயிருது. நான் சாமி விளக்குன்னு நெனச்சுக் கும்புட்டுட்டு இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து, வாணியின் சட்டைப் பையிலிருந்த டப்பாவை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள். "சொருகு புள்ள."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க வாணி சேலையை அரை முழம் தூக்கி, முழங்காலில் டப்பாவைச் சொருகினாள். தயார் இல்லை, தயார் இல்லை என்று எட்டு வரிசையும் மேலிருந்து கீழாக வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது, சிரிப்பும் முட்டியது; எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு நாள் பிடிபடாத திருடி நடுத்தெருவில் பிடிபட்டால் எப்படியோ அப்படி இருந்தது, ஆனால் பிடித்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் சென்னியப்பன்.

"வெள்ளி மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குது" என்றாள் பாவாத்தாள். மாதேஸ்வரன் வர்க்கி கரைந்துபோன டீயை மளமளவென்று குடித்தான்.

முறைப்படி ஓட்டுவது என்றால் என்ன என்று வாணிக்கு மனப்பாடம். ஊருக்கு அது அன்றைக்குத்தான் தெரியவந்தது, தெரிந்த உடனே எல்லாரும் அதில் வல்லுநர்கள் ஆனார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்ப வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை விடிகாலை வாணிக்கு டீ கிடையாது. கிளப்பினதும் ஐந்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து சும்மா இருந்தறியாத வாணி 4218இன் கேபினில் ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் டாஷ்போர்டில் ஒரு ஸ்க்ரூவைத் திருகப் போக, பாவாத்தாள் கீழேயிருந்து கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு ஒரே வேகத்தில் வெகுதூரம் போக வேண்டும். போகும் வழியில் மனசில் இருப்பதை வேகம் கூட்டாமல் குறைக்காமல் பேசிக்கொண்டே வர வேண்டும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. கடைசியில் பிரேக்கைத் தொடாமல் இறக்கத்தில் தானாக இறங்க வேண்டும். நடுவில் அழிக்கக் கூடாது. பிடிபட்ட பிறகு வியாழனும் வெள்ளியும் காலையில் விளக்கு தானாக வரவில்லை, அழிக்கவும் ஒன்றும் இல்லை.

லாரி கிளம்பும்போது பின்னால் பாடியில் நாற்பது பேர் ஏறியிருந்தார்கள். பூசாரி வேப்பிலையோடும், டாக்டரம்மா பிளாஸ்கோடும், எடப்பாடி மாப்பிள்ளை வருங்கால மாமனார் வீட்டுக்கு வந்த இடத்தில் வேடிக்கை பார்க்கவும் ஏறியிருந்தார்கள். சென்னியப்பன் ஸ்பீக்கர் வேனில் பின்னால் வந்தார். பனி இறங்கிக் கிடந்த நெடுஞ்சாலையில் நாற்பது நெஞ்சு மஞ்சளாக எரிய அந்த லாரி போனதைப் பார்த்த சுங்கச்சாவடிக்காரர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று எழுந்து நின்று தடுப்பைத் தூக்கினார்கள்.

ஐந்தாவது கிலோமீட்டரில் கேபினுக்குள் வாணி ஆரம்பித்தாள்; ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. தட்டு மாற்றினதைச் சொன்னாள், தட்டைத் திருப்பினதைச் சொன்னாள், அப்பா போன அன்று பட்டறையில் ரேடியேட்டர் திறந்து கிடந்ததைச் சொன்னாள், அவன் வருகிற நாளில் மட்டும் தலை சீவிக்கொள்வதைச் சொன்னாள், சொன்னதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். மாதேஸ்வரன் ஸ்பீடோமீட்டர் முள்ளை அறுபதில் ஆணி அடித்த மாதிரி வைத்து ஓட்டினான். காவிரிப் பாலத்துக்கு இறங்குகிற இறக்கத்தில் அவன் காலை எடுத்துவிட்டான், லாரி தானாக இறங்கியது, அவளுக்கும் பிரேக் இல்லாமல் போயிற்று.

"ஆருகிட்டயாச்சும் சாஞ்சா ஷட்டர் எறங்கிப்போகும்னு பயமுங்க. வேற ஒண்ணுமில்ல. உங்களப் புடிக்காம இல்ல."

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க ஷட்டர் துருப் புடிச்சுக் கெடக்குது. தெனமும் தூக்கறதுக்கு நீங்க படற பாட்ட ஒம்பது வருசமாப் பாக்கறேன். எறக்கறதுக்கு நான் எதுக்குங்? ஏத்தறதுக்குத்தான் ஆள் வேணும்."

காக்கிச் சட்டைக்குள் வெளிச்சம் வந்தது. மெதுவாக வரவில்லை, ஒரேயடியாக வந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பாவாத்தாள் கேபின் கூரையை இரண்டு கையாலும் தட்ட, நாற்பது பேரும் ஓ என்று கத்த, என்ன ஏது என்று தெரியாமலேயே சென்னியப்பன் எட்டு ஸ்பீக்கரையும் திறந்துவிட்டார். பாலத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த நாரைகள் எல்லாம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தன.

பவானியில் ஒரு மெஸ் வாசலில் லாரியை நிறுத்தி வாணி டப்பாவைச் சொருகினாள். ஏழு வரிசை தயார். எட்டாவது இன்னும் தயார் இல்லை. "அது டேங்க்" என்றாள். "டேங்க் காஞ்சும் இருக்கக் கூடாது, ரொம்பியும் இருக்கக் கூடாது. பாதி இருந்தாத்தான் சோதிக்கும்." உடனே அரை டேங்க் என்பது எத்தனை இட்லி என்று நாற்பது பேருக்குள் விவாதம் வந்தது. நாலு என்றார் பூசாரி, இரண்டு போதும் என்றார் டாக்டரம்மா, சாம்பாரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று மெஸ்காரர் கேட்டார். மணி ஒன்பதரை. சங்ககிரியில் லோடு காத்திருந்தது. வாணி ஒரு இட்லி சாப்பிட்டாள், டப்பாவைப் பார்த்தாள். இரண்டாவதும் சாப்பிட்டாள். மூன்றாவது இட்லியைப் பாதி விண்டு வாயில் போட்டபோது எட்டாவது வரிசை தயார் என்று மாறியது. மீதிப் பாதியை அவள் தட்டிலேயே வைத்தாள். அதை எடுத்துப்போய் மாரியம்மனுக்குப் படைக்க வேண்டும் என்று பூசாரி கேட்டார், மெஸ்காரர் இலையில் மடித்துக் கொடுத்தார்.

"இப்ப உங்க காலக் காட்டுங்க" என்றாள் வாணி.

மாதேஸ்வரன் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கினான். அவள் தரையில் மண்டியிட்டுச் சொருகினாள். எண்ணைப் படிக்கவில்லை, நேரே போட்டோவைத் திறந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின சித்திரை, வியாழக்கிழமை, காலை பதினொன்று ஐந்து. வேகம் பூஜ்யம். எஞ்சின் ஐடிலில், நின்ற இடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. சூடு நூற்று நாலு.

அவன் முதல்முதலாகப் பட்டறைக்கு வந்த நாள். வேப்பமரத்தடியில் புது லாரியை நிறுத்திவிட்டு, எங்கேயோ ஒரு சத்தம் வருதுங்க என்றான். அன்றைக்கு உண்மையிலேயே வந்தது, மட்கார்டு ஆடுகிற சின்னச் சத்தம். எல்லாரிடமும் சொல்கிற மாதிரி, ‘எறங்குங்கண்ணா, பாக்கலாம்’ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவன் மீசை சிரித்தது. ‘எறங்குங்க’ என்பதோடு அவள் நின்றாள். நின்றுபோன அந்த ஒரு சொல்லைத்தான் அவள் இருபத்திரண்டு நாளும் படிக்காமல் அழித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அது இனி எந்தப் பக்கத்திலும் இல்லை. அவன் அதை மணி, நிமிஷத்தோடு பத்திரமாக வைத்திருந்தான்.

‘அழிக்கவா?’ என்றது டப்பா.

வாணியின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ‘ஆம்’ மேல் போய் நின்றது. இருபத்திரண்டு காலைப் பழக்கம். பாவாத்தாள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். வாணி விரலை ஒரு அங்குலம் நகர்த்தி, ‘இல்லை’ என்று அமுக்கினாள்.

"என்ன கோளாறுங்?" என்று கேட்டான் மாதேஸ்வரன்.

"நான் உங்கள அண்ணான்னு கூப்புட வந்து, கூப்புடாம உட்ட நேரம்" என்றாள் வாணி. "சரி பண்ண வேண்டாமுங்க. இருந்துட்டுப் போவட்டும்."

ஓனருக்கு மாதேஸ்வரன் அங்கிருந்தே போன் போட்டான். மத்தியானம் வேறொரு டிரைவர் வந்து சாவியை வாங்கிக்கொள்ள, 4218 நாக்பூருக்குப் போயிற்று. ஊரே நின்று கையாட்டியது. லாரியோடு அந்த நம்பரும் போய்விட்டது என்பது வாணிக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது. டீ ஆறுது என்று சொல்ல வாயெடுத்தவள், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பாவாத்தாள் பால் காய்ச்சிக்கொண்டே எதிரே பார்த்தாள். ஷட்டர் ஒரே மூச்சில், கிறீச்சென்ற சத்தத்தோடு, உச்சிவரை ஏறியது. உள்ளே இரண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பு பக்கத்திலேயே நின்று அவள் ஒரு கும்பிடு போட்டாள்.

முதல் வண்டியாகக் குஜராத் லோடு ஒன்று வந்து நின்றது. நரைத்த டிரைவர் எட்டிப் பார்த்து, ஸ்டார்ட்டிங் டிரபிள் என்றார். "எறங்குங்கண்ணா, பாக்கலாம்" என்றாள் வாணி. லாரிக்கு அடியில் படுத்து, கையை வெளியே நீட்டினாள். "ஏனுங், பன்னெண்டு ஸ்பேனர்."

அந்த ‘ஏனுங்’கைக் காதில் வாங்கிய மாதேஸ்வரன் பதினாலை எடுத்துக் கொடுத்தான்.